வெள்ளை சீட்

லீசுக்கு எடுத்த காரில் வாந்தி எடுக்கக் கூடாது என்பது என் தம்பி வீட்டின் முதல் சட்டம். செருப்புக் காலைத் தூக்கி சீட்டில் வைக்கக் கூடாது என்பது இரண்டாவது. இரண்டும் ஒரே ஆளுக்காகப் போடப்பட்டவை. அந்த ஆளுக்கு வயது ஆறு. நாங்கள் பொடிசு என்று கூப்பிடுவோம்.

தம்பி அடுக்குமாடி வீடுகள் விற்கிறவன். பழைய காரில் போய் இறங்கினால், வாங்க வருகிறவர்கள் வீட்டைப் பார்ப்பதற்கு முன் காரைப் பார்த்துவிட்டு அலட்சியமாகப் பேசுகிறார்கள் என்று ரொம்ப நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தான். பெரிய காரைச் சொந்தமாக வாங்க வழியில்லை, ஆசை மட்டும் ஆகாசத்தில் இருந்தது. கடைசியில் லீசில் எடுப்பது என்று முடிவு செய்தான். சில வருஷம் மாதாமாதம் கட்டி ஓட்டலாம். அப்புறம் எடுத்தபடியே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கீறல், கறை, கிழிசல் எதுவும் இருக்கக் கூடாது. இப்படிப்பட்ட நிபந்தனையில் கையெழுத்துப் போடுகிற ஆள், காரில் ஏறினாலே குமட்டுகிற பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு, பால் மாதிரி வெள்ளைத் தோல் சீட் போட்ட காரைத் தேர்ந்தெடுப்பானா? என் தம்பி தேர்ந்தெடுத்தான்.

ஷோரூமுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். காரணம் பாசம் இல்லை, என் வேலை. திருட்டுப் போகும் வண்டிகளைக் கண்காணிக்கிற கம்பெனியின் கண்ட்ரோல் ரூமில் நான் பல வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் கருவி பொருத்திய வண்டிகள் எல்லாம் திரையில் புள்ளிகளாக ஊர்ந்துகொண்டிருக்கும். ஒரு புள்ளி திருடன் கைக்குப் போய்விட்டால், அதைப் பிடிக்கப் போலீசுக்கு வழி சொல்ல வேண்டியது நாங்கள். ஏதாவது ஒரு திருட்டுப் பாதுகாப்பு கட்டாயம் என்று லீஸ் கம்பெனி சொல்லிவிட்டது. எது என்பதை எடுக்கிறவர் முடிவு செய்துகொள்ளலாம்.

"ரெண்டு வகை இருக்கு சார்," என்றார் விற்பனையாளர். "முதல் வகையில வண்டி எங்க இருக்குன்னு தெரியும். அப்புறம், ஒரு தடவை எஞ்சின் நின்னுடுச்சுன்னா திருடனால மறுபடி ஸ்டார்ட் பண்ண முடியாது. ரெண்டாவது வகையில கூடுதலா ஒரு ஒயர் கொடுப்போம். ஓடிட்டிருக்கிற வண்டியையே நிறுத்திடலாம்."

"யாரு நிறுத்துவாங்க?"

"கண்ட்ரோல் ரூம்ல இருக்கிறவங்க."

தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். அவன் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல், பக்கத்தில் நின்ற காரின் டயரைக் கவனமாக ஆராய்ந்தாள்.

"வேண்டவே வேண்டாம் சார். முதல் வகையே போதும்."

"ஏன்டா? ரெண்டாவதுதான் பலமான பாதுகாப்பு. நான் சொல்றேன்ல?"

"நீ சொல்றதுனாலதான்க்கா பயமா இருக்கு. நான் ஒரு பார்ட்டியை ஏத்திக்கிட்டுப் போயிட்டிருப்பேன். அன்னிக்குப் பார்த்து உனக்கு என்மேல கோபம் வரும். நீ பாட்டுக்கு அமுக்கிடுவ."

"நான் என்ன பைத்தியமா?"

"பைத்தியம் இல்ல. கோபக்காரி. மிக்சி ஓடலன்னு ஒயரைப் பிடிச்சு இழுத்தியே, சுவர்ல இருந்த பிளக் பாயின்ட்டே கையோட வந்துச்சே, மறந்துட்டியா?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த மிக்சி விஷயத்தை இவர்கள் நான் செத்தாலும் விடமாட்டார்கள். "என்னமோ பண்ணித் தொலை. வண்டி போனா என்கிட்ட வந்து அழாதே," என்று சொல்லிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை. போன் தொலைந்து போனாலும் உதவுமே என்று, எங்கள் கண்ட்ரோல் ரூம் நம்பரை வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி அங்கேயே அவனை மனப்பாடம் செய்ய வைத்தேன். அவனும் சின்னப் பையன் போல ராகம் போட்டு ஒப்பித்துக் கிண்டல் செய்தான்.

காரை ஓட்டிப் பார்க்கப் போனபோது இன்னொரு கூத்து நடந்தது. சிவப்பு விளக்கில் நின்றதும் எஞ்சின் தானாக அணைந்துவிட்டது. தம்பிக்கு உயிரே போய்விட்டது. பெட்ரோல் மிச்சமாகத்தான் இந்த ஏற்பாடு, பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தானாக ஸ்டார்ட் ஆகும் என்று விற்பனையாளர் விளக்கினார். வேண்டாம் என்றால் ஒரு பட்டன் உண்டு. ஒவ்வொரு தடவை வண்டியைக் கிளப்பும்போதும் அதை அமுக்க வேண்டும்.

"இவ்ளோ கொட்டிக் கொடுத்து எடுக்கிறேன், சிக்னலுக்குச் சிக்னல் செத்துச் செத்துப் பிழைக்குதே!" என்றான் தம்பி. அன்றிலிருந்து வண்டியில் ஏறினதும் முதல் வேலையாக அந்தப் பட்டனை அமுக்குவது அவன் வழக்கமாகிவிட்டது.

கார் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பொடிசின் நிலைமை பரிதாபம். பின்சீட்டில் ஒரு துண்டு விரித்து அதற்குள் அடங்கி உட்கார வேண்டும். குமட்டல் வருகிற மாதிரி இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்; அப்பா ஓரங்கட்டுவார்; இறங்கி, பிளாஸ்டிக் கவரில் எடுக்க வேண்டும். முதல் நாளே அவள் கதவுக் கைப்பிடியை நோண்டிவிட்டாள். பின்கதவுக்குக் குழந்தைப் பூட்டு போட்டிருந்தது; உள்ளேயிருந்து தலைகீழாக நின்றாலும் திறக்காது, வெளியிலிருந்துதான் திறக்கும். அது போதாதென்று தம்பி ஒரு பொய்யும் சொல்லி வைத்தான்.

"எஞ்சின் ஓடும்போது இந்தக் கதவு திறக்காது. எஞ்சினை ஆஃப் பண்ணினாத்தான் திறக்கும். அது இந்தக் காரோட சட்டம். கை வெக்காதே."

"அதான் பூட்டு இருக்கேடா, எதுக்குப் பிள்ளைகிட்ட புளுகுற?" என்றேன்.

"பூட்டும் இருக்கட்டும், பயமும் இருக்கட்டும்," என்றான்.

அப்படி ஓடிக்கொண்டிருந்தது. அந்த நாள் வந்தது.

மதியச் சாப்பாடு முடிந்து எல்லோருக்கும் கண் சொக்குகிற நேரம். என் மேஜையில் மணி அடித்தது. நான் வழக்கம்போல், "வாகனக் காவல் மையம், சொல்லுங்க," என்றேன்.

"அக்கா."

யாரோ ஒருவரின் போனிலிருந்து பேசினான். 

"அக்கா, காரை எடுத்துட்டுப் போயிட்டான். என் கண்ணு முன்னாடியே. ஓடினேன், ஓடினேன், பிடிக்க முடியலக்கா."

"சாவி?"

"உள்ளதான். ஏசி ஓடட்டும்னு எஞ்சினை ஆஃப் பண்ணாம இறங்கினேன். போனும் உள்ளதான். அபார்ட்மென்ட் கேட்டுல ஒரு பார்ட்டிகிட்ட வீட்டுச் சாவியைக் கொடுக்கணும், ஒரு நிமிஷம்தான்னு…"

"ஏசி எதுக்குடா ஓடணும்?"

"ஒரு நிமிஷம்தான்க்கா…" என்றான் மறுபடி. 

"தம்பி. ஏசி எதுக்கு ஓடணும்?"

"பொடிசு பின்சீட்டுல தூங்கிட்டிருக்காக்கா. காய்ச்சல்னு ஸ்கூல்ல கூப்பிட்டாங்க. கூட்டிட்டு வந்துட்டிருந்தேன்."

அதற்கப்புறம் சில நொடிகள் என் காதில் எதுவும் விழவில்லை. என் கை மட்டும் வேலையைச் செய்தது. வண்டி எண்ணைத் தட்டினேன். புள்ளி வந்தது. பெரிய சாலையில் வடக்குப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பெயர் ஐஸ்பெட்டி. எதற்கும் சூடாக மாட்டார். அவர் என் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார், போனில் அழுகிற குரலைக் கேட்டார், என் முகத்தைப் பார்த்தார்.

"உங்க வீட்டு வண்டியா? எழுந்திருங்கம்மா. சொந்தக்காரங்க வண்டியை நாம பார்க்கக் கூடாது. விதி தெரியும்ல?"

"என் தம்பி பொண்ணு உள்ள இருக்கா சார். எழுந்திருக்க மாட்டேன்."

அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போலீசை இன்னொரு போனில் பிடித்தார். "குழந்தை உள்ள இருக்கு. திருடனுக்கு அது தெரியுமான்னு தெரியாது. சைரன் போடாம வாங்க," என்று மட்டும் சொன்னார்.

நான் தடைக் கட்டளையை அனுப்பினேன். இனி ஒரு தடவை எஞ்சின் அணைந்தால் போதும், மறுபடி உயிர் வராது. அணைய வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த சிக்னல் நெருங்கியது. புள்ளியின் வேகம் குறைந்தது. எனக்கு உயிர் வந்தது. இந்த மாதிரிக் கார்களை நாங்கள் பெரும்பாலும் பிடிப்பதே சிக்னலில்தான். விளக்குக்கு நின்றதும் எஞ்சின் தானாக அணையும். நம் தடை பிடித்துக்கொள்ளும். திருடன் நடுரோட்டில் விழிப்பான். புள்ளி நின்றது. நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எஞ்சின் என்ற கட்டத்தைப் பார்த்தேன். பச்சை. ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் பச்சை.

புள்ளி மறுபடி நகர்ந்தது.

"ஏன் அணையல?" என்றார் ஐஸ்பெட்டி.

எனக்குத் தெரிந்துவிட்டது. தம்பி ஸ்கூலிலிருந்து கிளம்பும்போதே அந்தப் பட்டனை அமுக்கியிருக்கிறான். எஞ்சினை நிறுத்தாமலே இறங்கியதால் அது அமுக்கினபடியே இருக்கிறது. திருடன் ஓட்டினாலும் வண்டி என் தம்பி ஓட்டுகிற மாதிரியே ஓடுகிறது. போனில் அவன், "அக்கா, நின்னுச்சா? அக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் அந்த நிமிஷம் கையில் கிடைத்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன். "லைன்லயே இரு," என்றேன்.

புள்ளி மேம்பாலத்தில் ஏறியது. மேம்பாலத்தைத் தாண்டினால் கிடங்குகள் இருக்கிற பகுதி. அங்கே தகரக் கூரைகளும் பெரிய பெரிய இரும்புப் பெட்டிகளும்தான். அதற்குள் நுழைந்த வண்டியின் புள்ளி அணைந்துவிடும். அப்புறம் கிடைத்தால் கதவு தனியாக, டயர் தனியாகத்தான் கிடைக்கும். வண்டி எக்கேடு கெட்டுப் போகட்டும். பின்சீட்டில் துண்டின் மேல் தூங்குகிறவளை அவன் என்ன செய்வான்? இதுதான் என் மண்டைக்குள் ஓடியது. வேறு எதுவும் ஓடவில்லை.

திரையின் ஓரத்தில் 'உடனே நிறுத்து' என்ற பட்டன் இருக்கும். இரண்டாவது வகை எடுத்தவர்களுக்கு மட்டும் அது சிவப்பாக எரியும். தம்பி வண்டிக்கு மங்கிப்போய், செத்த பட்டனாக இருந்தது. அது செத்த பட்டன் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அமுக்கினேன். மறுபடி அமுக்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டு, மவுஸ் உடைகிற மாதிரி அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

"பின்னாடி பாருங்க," என்றார் ஐஸ்பெட்டி.

எங்கள் காரை ஒட்டியே இன்னொரு புள்ளி வந்துகொண்டிருந்தது. அதுவும் எங்கள் வாடிக்கையாளர் வண்டிதான். டேங்கர் லாரி. இரண்டும் ஒரே வேகத்தில், ஒரே வரிசையில், பாலத்தின் இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தன.

என் கை மவுஸிலிருந்து தானாக விலகியது. அந்த ஒயர் இருந்திருந்தால் நான் நிறுத்தியிருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கார் பாலத்தின் நடுவில் நின்றிருக்கும். பின்னால் வருகிறவனுக்குப் பிரேக்கில் கால் வைக்க நேரம் இருந்திருக்காது. என் கோபத்துக்குப் பயந்துதான் தம்பி அந்த ஒயரை வேண்டாம் என்றான். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். 

புள்ளி பாலத்தை விட்டு இறங்கியது. இடதுபுறம் திரும்பியது. கிடங்குகளுக்குப் போகிற சாலை. போலீஸ் வண்டியின் புள்ளியும் எங்கள் திரையில் தெரியும்; அது அப்போதுதான் பாலத்தின் அந்தப் பக்கம் ஏறிக்கொண்டிருந்தது.

அப்போது வேகம் குறைந்தது. சிக்னல் இல்லாத இடம். குறைந்து, குறைந்து, சாலை ஓரத்தில் புள்ளி நின்றது. எஞ்சின் பச்சை.

"ஏன் நிறுத்துறான்?" என்றேன். ஐஸ்பெட்டியின் முகத்திலும் ஈயாடவில்லை.

குழந்தையைப் பார்த்துவிட்டான். வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

எஞ்சின் கட்டம் சிவப்பானது. அணைந்துவிட்டது. எங்கள் தடை கப்பென்று விழுந்தது. நான் சந்தோஷப்பட வேண்டும், ஆனால் முடியவில்லை. ஏனென்றால் அடுத்து ஓட்டுநர் கதவு திறந்ததாகக் காட்டியது. அப்புறம் பின்பக்க இடது கதவு. பொடிசு உட்காருகிற பக்கம்.

"அக்கா, என்னக்கா நடக்குது? ஏதாவது சொல்லுக்கா."

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டேன். என்ன சொல்வது? உன் பிள்ளை இருக்கிற கதவைத் திருடன் திறக்கிறான் என்றா?

ஸ்டார்ட் செய்ய முயற்சி என்று ஒரு வரி மின்னியது. தோல்வி. மறுபடி முயற்சி, தோல்வி. மறுபடியும். அப்புறம் ஒன்றும் இல்லை. இரண்டு கதவுகளும் திறந்தபடி, கார் அசையாமல் நின்றது. சினிமாவில் இந்த இடத்தில் இசை வரும். எங்கள் அறையில் ஏசி சத்தம்தான் இருந்தது.

போலீஸ் புள்ளி வந்து சேர்ந்தது. ஐஸ்பெட்டி போனை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"வண்டி கிடைச்சிடுச்சு சார். உள்ள யாரும் இல்ல."

"பின்சீட்ல பாருங்க," என்று கத்தினேன். "ஆறு வயசுப் பொண்ணு."

"பாத்துட்டேம்மா. ஒரு துண்டு கிடக்கு. வேற யாரும் இல்ல."

நான் எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. என் பொத்தின கைக்குள் தம்பி கத்திக்கொண்டிருந்தது உள்ளங்கையில் அதிர்ந்தது. அவனுக்கு நான் என்ன பதில் சொல்வேன், அவன் பெண்டாட்டி முகத்தில் எப்படி விழிப்பேன்?

"இருங்க, இருங்க," என்றது போலீஸ் குரல். "எதிர்ல டயர் கடை இருக்கு. அந்தக் கடைக்காரம்மா ஒரு குழந்தையைக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றாங்க. பொண்ணுதான். கையில ஒரு பிளாஸ்டிக் கவரை முடிச்சுப் போட்டு வெச்சிருக்கு."

அப்போதுதான் நான் உட்கார்ந்து அழுதேன். ஐஸ்பெட்டி என் கையிலிருந்து போனை வாங்கி, "உங்க பொண்ணு நல்லா இருக்கா சார்," என்று தம்பியிடம் சொன்னார். சொல்லும்போது அவர் குரலும் தழுதழுத்தது. அந்த மனிதருக்கு அப்படி ஒரு குரல் உண்டு என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நான் டாக்சி பிடித்து ஓடினேன். பொடிசு டயர் கடை வாசலில் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கவரை மட்டும் விடவில்லை. நெற்றி கொதித்தது. தூக்கி இறுக்கிக்கொண்டேன்.

"அத்தை, மூச்சு முட்டுது," என்றாள்.

"பயந்துட்டியா தங்கம்?"

"அப்பா ஆபீஸ் மாமான்னு நினைச்சேன். எந்திரிச்சா எனக்குக் குமட்டுச்சு. மாமா, வாந்தி வருதுன்னு சொன்னேன். அந்த மாமா அப்படியே துள்ளிட்டார். அதுவரைக்கும் என்னைப் பார்க்கவே இல்ல."

"அப்புறம்?"

"வெள்ளை சீட்டு மாமா, பட்டா போகவே போகாதுன்னேன். உடனே ஓரமா நிறுத்திட்டார். இறங்கு, இறங்குன்னார். எஞ்சினை ஆஃப் பண்ணினாத்தான் கதவு திறக்கும், இந்தக் காரோட சட்டம்னு சொன்னேன். ஆஃப் பண்ணினார்." அவள் நெற்றியைச் சுருக்கினாள். "ஆனா அத்தை, ஆஃப் பண்ணியும் திறக்கல. அவரே இறங்கி வந்து வெளியில இருந்து திறந்தார். அப்பா ஏன் அப்படிச் சொன்னாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று தெரியவில்லை. திருடனுக்கும் அந்த சீட் மேல் அவ்வளவு அக்கறை. அதற்கப்புறம் வண்டி கிளம்பவில்லை. அவன் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே சந்துக்குள் ஓடிவிட்டான் என்று டயர் கடைக்காரம்மா சொன்னார். அவனைப் போலீஸ் இன்னும் பிடிக்கவில்லை.

இன்னொரு போலீஸ் வண்டி வந்து நிற்பதற்குள் தம்பி அதிலிருந்து குதித்தான். சட்டை நனைந்து, ஒரு காலில் ஷூ இல்லாமல், பேயறைந்த முகத்தோடு ஓடி வந்தான். பொடிசு அந்த முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அது கோபமாகத்தான் தெரிந்திருக்க வேண்டும். என் பின்னால் ஒளிந்துகொண்டு, கவரை மட்டும் முன்னால் நீட்டினாள்.

"அப்பா, சீட்டுல படலப்பா. நான் முன்னாடியே சொல்லிட்டேன்."

தம்பி அங்கேயே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான்.

கைரேகை எடுத்து முடித்து வண்டியை எங்களிடம் கொடுத்தபோது வெயில் சாய்ந்திருந்தது. நான் ஐஸ்பெட்டிக்குப் போன் போட்டுத் தடையை நீக்கச் சொன்னேன். தம்பி பின்கதவைத் திறந்து, துண்டை எடுத்து முன்சீட்டில் எறிந்தான். பொடிசை அப்படியே வெள்ளை சீட்டில் உட்கார வைத்தான். அவள் காலெல்லாம் டயர் கடைக் கரியும் மண்ணும். உட்கார்ந்ததும் அவள் பழக்கப்படி இரண்டு காலையும் சீட்டில் படாமல் முன்னால் நீட்டித் தூக்கிக்கொண்டாள்.

"வெச்சுக்கோடா கண்ணு. பரவாயில்ல, வெச்சுக்கோ," என்று தம்பி அந்தக் கால்களைப் பிடித்து, மடக்கி, சீட்டின் மேலேயே வைத்தான்.

அவன் கையை எடுத்ததும் அவள் மறுபடி தூக்கிக்கொண்டாள்.